வேதாகமம் தேவன் தந்ததா, பிழையற்றதா: இரண்டு கேள்விகள்

2 நாளாகமம் 21 ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைத் திறந்து பாருங்கள். யூதாவின் அரசன் யோராம் 32 வயதில் அரசனானான், 8 வருடம் ஆண்டான், பிறகு இறந்துபோனான் என்று இருக்கும். கூட்டினால் 40 வயது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில், மூத்த பிள்ளைகள் எல்லாரும் கொல்லப்பட்டுவிட்டதால் கடைசி மகன் அகசியாவை மக்கள் அரசனாக்குகிறார்கள். இரண்டாம் வசனம், அரசனானபோது அகசியாவுக்கு 42 வயது என்கிறது. அதாவது தகப்பன் இறந்த கையோடு அரசேறிய கடைசிப் பிள்ளை, தகப்பனைவிட இரண்டு வயது மூத்தவன். இதே அகசியாவுக்கு 22 வயது என்று 2 இராஜாக்கள் 8:26 சொல்கிறது. நடந்திருக்கக்கூடியது அதுதான்.

இது படியெடுத்தவரின் கைப்பிழை என்பது வழக்கமான பதில். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கையால் நூல்களைப் படியெடுத்த காலத்தில் எண்கள் மாறிப்போவது சாதாரணமாக நடக்கக்கூடியது. ஆனால் அந்தப் பதிலைச் சொன்ன உடனேயே ஒன்றை ஒத்துக்கொண்டாகிவிட்டது: நம் கையிலிருக்கும் வேதாகமத்தில் பிழை இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எபிரேயம் தேவையில்லை, கிரேக்கம் தேவையில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் இருக்கும் வேதாகமமும் கூட்டல் கணக்கும் போதும்.

கொழும்பின் தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு ஓய்வுநாள் பாடசாலைக் காலத்திலிருந்தே பழகிய வாதம் ஒன்று உண்டு. வேதம் தேவன் தந்தது. தேவன் பிழை செய்ய மாட்டார். ஆகவே வேதத்தில் பிழை இல்லை. கேட்க நேராக இருக்கிறது. ஆனால் இதற்குள் இரண்டு வேறு உரிமைகோரல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. வேதம் தேவனால் அருளப்பட்டது என்பது ஒன்று. அதில் எந்த விதமான பிழையும் இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்கலாம். அது தேறவில்லை என்பதே என் முடிவு. முதலாவதைக் கணக்குப் போட்டு நிரூபிக்கவும் முடியாது, கணக்குப் போட்டுத் தள்ளிவிடவும் முடியாது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக் கற்பிப்பதால்தான், ஒரு பிள்ளை அகசியாவின் வயதைக் கண்டுபிடித்த அன்றைக்கே அவளுடைய விசுவாசம் முழுவதும் ஆட்டம் காண்கிறது. இதை ஒரு பெரிய அநியாயமாகவே நான் பார்க்கிறேன்.

பிழையின்மைக்கு ஆதாரமாக முதலில் காட்டப்படுவது 2 தீமோத்தேயு 3:16. வேதவாக்கியங்கள் எல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை, உபதேசத்துக்கும் சீர்திருத்தலுக்கும் பிரயோஜனமானவை என்கிறது அந்த வசனம். வரலாறு, எண், நாள், இடம் எதிலும் தவறு இராது என்று அது சொல்லவில்லை. அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தீமோத்தேயு சிறு வயதிலிருந்தே அறிந்திருக்கும் பரிசுத்த வேத எழுத்துகளைப் பற்றியே பேச்சு. ஒரு யூதத் தாயின் மகனுக்குச் சிறு வயதில் தெரிந்திருக்கக்கூடியவை எபிரேய வேதங்கள். சுவிசேஷங்களும் பவுலின் நிருபங்களும் அவன் பிள்ளையாயிருந்தபோது எழுதப்பட்டே இருக்கவில்லை. 27 புத்தகங்கள் கொண்ட புதிய ஏற்பாட்டின் பட்டியல் இன்றிருக்கும் அதே வடிவில் நமக்கு முதன்முதலில் கிடைப்பது கி.பி. 367 இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில்தான்.

அந்தப் பட்டியலையும் எல்லாரும் ஒரே மாதிரி வைத்திருக்கவில்லை. கொழும்பில் இதைக் காண வெகுதூரம் போக வேண்டாம். சாதாரண தரப் பரீட்சையில் கத்தோலிக்க சமயத்துக்கு ஒரு வினாத்தாள், கிறிஸ்தவ சமயத்துக்கு வேறொரு வினாத்தாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும் பிள்ளையின் வேதாகமத்தில் 73 புத்தகங்கள்; தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் அதில் உண்டு. கொள்ளுப்பிட்டி மெதடிஸ்த சபைக்குப் போகும் பிள்ளையின் வேதாகமத்தில் 66. எத்தியோப்பியத் திருச்சபை 81 என்று கணக்கு வைத்திருக்கிறது. திரெந்து சங்கம் கத்தோலிக்கப் பட்டியலை உறுதியாகத் தீர்மானித்த வருடம் 1546. எது தேவன் தந்த நூல், எது இல்லை என்பதைக் கூடிப் பேசித் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். தேவன் அவர்களை நடத்தினார் என்று ஒருவர் நம்பலாம். அப்படியானால் ஒன்றுக்கொன்று ஒவ்வாத பட்டியல்களில் எதற்கு அவர் நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

புத்தகங்களை விடுங்கள், வசனங்களுக்கு வருவோம். புரொட்டஸ்தாந்து சபைகள் வாசிக்கும் பழைய திருப்புதலில் 1 யோவான் 5:7, பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்று சொல்கிறது. திரித்துவத்துக்கு இதைவிட நேரான வசனம் வேதத்தில் வேறில்லை. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தை எடுத்து அதே இடத்தைப் பாருங்கள். அந்த வரி இல்லை. பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் அது கிடையாது என்பதே காரணம். லத்தீன் வழியாக வந்த சேர்க்கை அது. 1516 இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட எராஸ்முஸ் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியது. 1522 இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளுக்கும், அந்த வழியில் நமக்கும் வந்து சேர்ந்தது. ஒரு கத்தோலிக்கப் பெண்ணும் ஒரு மெதடிஸ்த ஆணும் மணமுடித்த வீட்டில் இரண்டு வேதாகமங்களும் ஒரே அலுமாரியில் இருக்கும். அந்த வீட்டில் எந்தப் புத்தகம் பிழையற்றது?

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் இப்படித்தான். யோவான் 7:53 முதல் 8:11 வரையுள்ள அந்தப் பகுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கைப்பிரதிகளில் இல்லை. மனதைத் தொடும் கதை, எனக்கும் பிடித்த கதை. உண்மையிலேயே நடந்ததாகவும் இருக்கலாம். ஆனால் யோவானின் சுவிசேஷத்தில் முதலில் அது இருக்கவில்லை என்பதில் பெரும்பாலான அறிஞர்களுக்கு ஐயமில்லை.

இவற்றுக்கெல்லாம் பதிலாகத்தான் மூலப்பிரதி என்ற வாதம் வந்தது. 1881 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியலாளர்கள் ஹொட்ஜும் வார்ஃபீல்டும் இதைக் கூர்மையாக எழுதினார்கள். 1978 இல் சிகாகோவில் கூடிய சுவிசேஷகப் போதகர்களும் அறிஞர்களும் வெளியிட்ட அறிக்கை அதையே இன்னும் விரித்துச் சொன்னது. கண்டிப்பாகப் பார்த்தால், ஏவுதல், அதாவது தேவனால் அருளப்பட்டது என்பது, முதன்முதலில் எழுதப்பட்ட மூலப்பிரதிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது அந்த அறிக்கை. கொழும்பில் இன்று பல சுயாதீன சபைகளில் கற்பிக்கப்படும் பிழையின்மைக் கொள்கையும் பெரும்பாலும் இந்த அமெரிக்க வழியில் வந்ததுதான். வேதத்தில் பிழை இராது என்ற எண்ணம் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது உண்மை. அகுஸ்தீன் அப்படி எழுதியிருக்கிறார். அவருக்கு முன்பே, மூன்றாம் நூற்றாண்டில், ஓரிகன் சுவிசேஷங்களில் சொல்லப்பட்ட சில நிகழ்ச்சிகள் எழுத்துப்படி நடந்தவை அல்ல என்று எழுதியதும் உண்மை. ஆதித் திருச்சபையில் இதைப் பற்றி ஒரே குரல் இருந்ததில்லை.

மூலப்பிரதி வாதத்தோடு எனக்குள்ள சிக்கல் எளிமையானது. அந்த மூலப்பிரதிகளில் ஒன்றைக்கூட இன்று வாழும் யாரும் கண்டதில்லை. யாரும் பார்க்காத ஒரு நூலின் பிழையின்மையை, நாம் வாசிக்கும் நூலுக்கு எப்படிக் கடன் கொடுப்பது? பிழையற்ற நூல் மனிதருக்கு அவ்வளவு அவசியம் என்று தேவன் நினைத்திருந்தால், அதை எழுதவைத்ததோடு நில்லாமல் காத்தும் தந்திருப்பாரே.

அதோடு, எல்லா வேறுபாடுகளையும் படியெடுத்தவர் தலையில் போட முடியாது. லூக்கா இரண்டாம் அதிகாரத்தின்படி இயேசு பிறந்தது, சிரேனியு சீரியாவின் தேசாதிபதியாக இருந்தபோது எடுக்கப்பட்ட குடிமதிப்பின் சமயத்தில். அந்தக் குடிமதிப்பைப் பற்றி யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதியிருக்கிறார். ஏரோதின் மகன் அர்கெலாயு பதவி நீக்கப்பட்ட பிறகு, கி.பி. 6 இல் நடந்தது அது. மத்தேயுவோ ஏரோது உயிரோடு இருக்கும்போதே இயேசு பிறந்தார் என்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4 இல் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. நடுவில் ஒன்பது, பத்து வருடம் இடிக்கிறது. சிரேனியு முன்பும் ஒருமுறை தேசாதிபதியாக இருந்திருக்கலாம் என்று சமாளிக்கிறவர்கள் உண்டு. அதற்குத் தெளிவான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மத்தேயுவில் நான்றுகொண்டு சாகிறான், காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போகிறான், அந்தக் காசில் நிலம் வாங்குகிறவர்கள் ஆசாரியர்கள். அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் யூதாஸ்தான் நிலத்தைச் சம்பாதிக்கிறான், தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்று ஒட்டுப்போடுவார்கள். நிலத்தை வாங்கியது யார் என்பதை அந்தக் கயிறு தீர்த்து வைப்பதில்லை.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகத் தெரிவது இயேசு இறந்த நாள். மாற்கு 14 இன்படி, பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கான ஆட்டுக்குட்டியைப் பலியிடும் நாளின் மாலையில் இயேசு சீடர்களோடு பஸ்கா விருந்து உண்கிறார். அடுத்த நாள் சிலுவை. யோவான் 18:28 இல் இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோனவர்கள், தீட்டுப்பட்டால் பஸ்காவைப் புசிக்க முடியாது என்று அரண்மனைக்குள் போகாமல் நிற்கிறார்கள். ஆக, யோவானில் பஸ்கா விருந்து இன்னும் நடக்கவில்லை. 19:14 அந்த நாளைப் பஸ்காவுக்கு ஆயத்த நாள் என்றே சொல்கிறது. ஆட்டுக்குட்டிகள் அறுக்கப்படும் நாளிலேயே யோவானின் இயேசு இறக்கிறார். முதல் அதிகாரத்திலேயே இயேசுவை தேவ ஆட்டுக்குட்டி என்று அறிமுகப்படுத்தியவர் யோவான்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று புரியும். இரண்டு நாள் கணக்கையும் எப்படியாவது பொருத்திவிட வேண்டும் என்று பாடுபடுகிறவர், யோவான் அவ்வளவு சிரத்தையோடு அமைத்ததைக் கவனிக்காமலே கடந்து போகிறார். பிழையின்மைக் கொள்கை வேதத்துக்கு மரியாதை செய்வதாகச் சொல்கிறது. உண்மையில் வேதத்தை எழுதியவர்களின் பேச்சைக் கேட்கவிடாமல் அது தடுக்கிறது என்பேன்.

இந்தக் கேள்விகளை இணையம் கொண்டுவந்தது என்று நினைக்கிறவர்கள் பலர். நம் நாட்டில் இவை ஊர் கூடிக் கேட்ட கேள்விகள். 1873 ஓகஸ்ட் 26, 28 ஆம் திகதிகளில் பாணந்துறையில் நடந்த விவாதத்தில் பௌத்தத் தரப்பில் நின்று பேசிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமயவைச் சேர்ந்தவர். கிறிஸ்தவத் தரப்பில் மெதடிஸ்தப் போதகர் டேவிட் டி சில்வாவும் எப். எஸ். சிரிமான்னவும் நின்றார்கள். குணானந்தர் வேதாகமத்தை நன்றாக வாசித்துவிட்டு வந்திருந்தார். மனிதனைப் படைத்ததற்காகத் தேவன் மனஸ்தாபப்பட்டார் என்று ஆதியாகமம் 6:6 சொல்கிறதே, எல்லாம் அறிந்தவருக்கு மனஸ்தாபம் எப்படி வரும் என்று கேட்டார். எகிப்தில் இஸ்ரவேலரின் வீடுகளை அடையாளம் காண நிலைக்கால்களில் இரத்தம் பூசவேண்டி வந்தது ஏன் என்று கேட்டார். கர்த்தர் யூதாவோடு இருந்தும், பள்ளத்தாக்கிலுள்ளவர்களிடம் இருப்பு ரதங்கள் இருந்தபடியால் அவர்களைத் துரத்த முடியவில்லை என்ற நியாயாதிபதிகள் 1:19 ஐயும் எடுத்து வைத்தார். யூதாவுக்கு விசுவாசம் குறைவு என்பது அந்தக் கேள்விக்கு இன்றும் கொடுக்கப்படும் பதில். அந்த வசனத்தில் விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

தமிழ்ப் பக்கத்திலும் இதேபோல ஒன்று நடந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், 1854 இல் சைவ தூஷண பரிகாரம் எழுதியபோது தாம் ஆழ்ந்து கற்ற அந்த நூலிலிருந்தே ஆதாரங்களை எடுத்தார். கோயில், பலி, தீபம், தூபம் என்று சைவரைப் பழிக்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டில் இருப்பவை என்ன என்று கேட்டார். எங்கள் மூதாதையரில் பலர் அந்தக் கேள்விகளை எதிரியின் தாக்குதலாக மட்டும் பார்த்தார்கள். வேதத்தை வரிவரியாக வாசித்த ஒருவருக்கு எழும் நேர்மையான கேள்விகளாக அவற்றைப் பார்த்திருந்தால், நம் சபைகளின் வேத வாசிப்பு வேறு மாதிரி வளர்ந்திருக்கும்.

பெரிய திருச்சபைகள் நீண்ட காலம் தயங்கினாலும் கடைசியில் நகர்ந்தன. 1893 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ வேதத்தில் எந்தப் பிழைக்கும் இடமில்லை என்று எழுதினார். 1943 இல் பன்னிரண்டாம் பயஸ், வேத ஆசிரியர்கள் தத்தம் காலத்து இலக்கிய வகைகளில் எழுதினார்கள், அதை ஆராயுங்கள் என்று கத்தோலிக்க அறிஞர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏடு, நம் மீட்புக்காக எழுதப்பட வேண்டும் என்று கடவுள் விரும்பிய உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்று சொன்னது. மீட்புக்காக என்ற அந்த எல்லைக்கோடு எவ்வளவு தூரம் போகும் என்று இறையியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் ஆறாவதும், மீட்புக்குத் தேவையானது எல்லாம் வேதத்தில் உண்டு என்பதோடு நின்றுகொள்கிறது. அகசியாவின் வயதை வைத்து யாரும் மீட்படையப் போவதில்லை. அந்த அளவில் இந்த நிலைப்பாடு நியாயமானது.

சரி, பிழை உண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் வேதம் தேவனால் அருளப்பட்டது என்று காட்ட இரண்டு வாதங்கள் அடிக்கடி முன்வைக்கப்படுகின்றன. ஒன்று தீர்க்கதரிசனம், மற்றது தொல்லியல்.

தீர்க்கதரிசனத்துக்குப் பிரசங்கங்களில் அதிகம் காட்டப்படும் உதாரணம் தீரு பட்டணம். எசேக்கியேல் 26 இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் வருவான், மதில்களை இடிப்பான், குதிரைகளின் குளம்புகளால் வீதிகளை மிதிப்பான், செல்வத்தைக் கொள்ளையிடுவார்கள், நீ இனிக் கட்டப்படமாட்டாய் என்று சொல்லப்படுகிறது. நேபுகாத்நேச்சார் 13 வருடம் முற்றுகையிட்டான் என்று யோசேபுஸ் எழுதுகிறார். ஆனால் தீவில் இருந்த நகரத்தை அவன் கொள்ளையிடவில்லை. இதைச் சொல்ல வெளிச் சாட்சி தேவையில்லை, எசேக்கியேலே சொல்கிறார். 29:18 இல், தீருவுக்கு விரோதமாக அவனும் அவன் சேனையும் உழைத்த உழைப்புக்குக் கூலி கிடைக்கவில்லை என்றும், பதிலாக எகிப்து தேசத்தை அவனுக்குக் கொடுப்பதாகவும் கர்த்தர் சொல்கிறார். கி.மு. 332 இல் மகா அலெக்சாந்தர் கடலில் பாதை அமைத்துப் போய் அந்தத் தீவை அழித்ததோடு தீர்க்கதரிசனம் நிறைவேறியது என்று விளக்குவார்கள். பல ஜாதிகள் வருவார்கள் என்று 26:3 சொல்வதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அலெக்சாந்தருக்குப் பிறகும் நகரம் மீண்டது. இயேசு அந்தத் திசைக்குப் போனதாகச் சுவிசேஷமே சொல்கிறது, பவுல் அங்கே ஏழு நாள் தங்கினார். இன்றும் தென் லெபனானில் அது உயிரோடிருக்கும் நகரம். சொன்னது நடக்கவில்லை என்பதை மறைக்காமல் அதே நூலில் விட்டுவைத்திருக்கும் எசேக்கியேலின் நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதை மறைக்க நாம் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?

தொல்லியல் வாதத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961 இல் செசரியாவில் கிடைத்தது. தாவீதின் வீடு என்று குறிப்பிடும் கல்வெட்டு 1993 இல் தெல் தானில் கிடைத்தது. 1947 இலிருந்து சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை தெரிந்திருந்த எபிரேயப் பிரதிகளைவிடச் சுமார் ஆயிரம் வருடம் பழையது. பெருமளவுக்கு ஒத்தும் போனது. இவை மதிப்புள்ள சான்றுகள்தான். மனிதரும் இடங்களும் கற்பனையல்ல, ஏசாயாவைப் படியெடுத்தவர்கள் கவனமாக எழுதினார்கள் என்பதை இவை காட்டுகின்றன. ஆனால் மகாவம்சம் சொல்லும் அரசர்களுக்கும் குளங்களுக்கும் விகாரைகளுக்கும் கல்வெட்டுச் சான்றுகள் ஏராளம். அதனால் புத்தர் மூன்று முறை இலங்கைக்கு வந்தார் என்று அதே நூல் சொல்வதையும் ஏற்றுக்கொள்கிறோமா? கொழும்பில் எந்தத் தமிழ்ச் சபையிலும் ஒருவரும் ஒப்பமாட்டார். அரசன் இருந்தான் என்பதற்குக் கல்லைக் காட்டலாம். தேவன் பேசினார் என்பதற்குக் காட்ட எந்தக் கல்லும் இல்லை.

நூல் தன்னைப் பற்றித் தானே சொல்வதும் தீர்ப்பாகாது. கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் ஒரு மாலை நடந்து பாருங்கள். லூசியாள் பேராலயம், பொன்னம்பலவாணேசர் கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. தங்கள் வேதங்களும் ஆகமங்களும் சிவன் அருளியவை என்று சைவர் சொல்கிறார்கள். குர்ஆன் சொல்லுக்குச் சொல் இறைவனிடமிருந்து வந்தது என்று முஸ்லிம்கள் சொல்கிறார்கள். எங்கள் நூல் தன்னை அருளப்பட்டது என்கிறது, ஆகவே அது அருளப்பட்டது என்று நாம் சொன்னால், அதே நியாயத்தை அவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் தங்கள் எழுத்தைப் பற்றி இவ்வளவு பெரிய உரிமை எதையும் கோரவில்லை. பலர் ஏற்கனவே எழுதியிருக்கிறார்கள், நானும் ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து எழுதுகிறேன் என்று லூக்கா தொடங்குகிறார். சொல்லச் சொல்ல எழுதுகிறவர் விசாரிக்க வேண்டியதில்லை. 1 கொரிந்தியர் 1 இல் பவுல், கிறிஸ்புவையும் காயுவையும் தவிர உங்களில் ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார். பிறகு ஸ்தேவானின் வீட்டாருக்கும் கொடுத்தேன் என்று திருத்துகிறார். வேறு யாருக்காவது கொடுத்தேனோ, தெரியாது என்று முடிக்கிறார். ஏழாம் அதிகாரத்தில், இது கர்த்தர் சொல்வதல்ல, நானே சொல்கிறேன் என்று பிரித்தே காட்டுகிறார். நினைவு தடுமாறும், திருத்திக்கொள்ளும், தன் கருத்து இது என்று அடையாளமிடும் ஒரு மனிதரின் கடிதம் அது. அந்தக் கடிதத்தின் வழியே தேவன் பேசக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மனிதர் தடுமாறவே இல்லை என்று சொல்வதுதான் முடியாத காரியம்.

வயதும் நாளும் இடிப்பதை ஒருவர் சிறு விஷயம் என்று ஒதுக்கலாம். நானும் ஒதுக்கத் தயார். என்னால் ஒதுக்க முடியாதவை வேறு. லேவியராகமம் 25, சுற்றிலுமுள்ள ஜாதிகளிலிருந்து அடிமைகளை வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சுதந்தரமாக விட்டுப்போகலாம் என்கிறது. கொழும்பில் கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று அழைத்தது சும்மா அல்ல. டச்சுக் கம்பனி தன் அடிமைகளை அடைத்து வைத்திருந்த இடம் அது. அதே டச்சுக்காரர் ஞாயிறு தோறும் வேதம் வாசித்தார்கள். அவர்கள் கட்டிய வுல்வெண்டால் ஆலயம் இன்றும் நிற்கிறது. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். அதை ஒழிக்கப் போராடியவர்களிலும் வேதத்தை எடுத்துப் பேசியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் சில வசனங்களைப் பற்றிக்கொண்டு வேறு சில வசனங்களை விட்டுவிட்டார்கள். எதை விடுவது என்று அவர்களுக்குச் சொல்லித்தந்தது பிழையின்மைக் கொள்கை அல்ல.

1 சாமுவேல் 15:3 ஐயும் சொல்லியாக வேண்டும். அமலேக்கியரின் ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் பால்குடிக்கிற குழந்தைகளையும் கொன்றுபோடு என்று சவுலுக்குக் கர்த்தரின் பெயரால் கட்டளை வருகிறது. 1983 யூலையில் வீடுகள் எரிந்த தெருக்களில் வாழும் மக்கள் நாங்கள். பிறந்த இனத்துக்காகக் கொல்லப்படுவது என்றால் என்ன என்று எங்கள் குடும்பங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டளையைத் தேவன்தான் கொடுத்தார், அவர் நல்லவர், ஆகவே அது நல்லது என்று ஒரு வேத வகுப்பில் சொல்லப்படும்போது என்னால் ஆமென் சொல்ல முடியாது. அது ஒரு பழங்கால இனம் தன் போரைத் தன் தெய்வத்தின் பெயரில் நியாயப்படுத்திய எழுத்து என்றே வாசிக்கிறேன். சிறுவர்களை என்னிடம் வரவிடுங்கள் என்றவரின் வார்த்தைக்கும் இதற்கும் ஒரே எடை கொடுக்கச் சொல்லும் எந்தக் கொள்கையும் அவரையே சிறுமைப்படுத்துகிறது.

வேதம் அருளப்பட்டது என்று இன்னும் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் வீட்டிலேயே அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சங்கீதம் 23 ஐ மரணப்படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு வாசித்தவர், அதில் தேவன் பேசினார் என்று சொன்னால் அதை மறுக்க நான் யார்? அது அவருடைய சாட்சி. அந்தச் சாட்சி அமலேக்கியர் பகுதியையும் சேர்த்து 66 அல்லது 73 புத்தகங்களின் ஒவ்வொரு வரிக்கும் தானாகப் பரவிவிடாது என்று மட்டுமே சொல்கிறேன்.

இது படித்தவர்களின் பொழுதுபோக்கு வாதம் இல்லை என்பதற்கு மாற்கு 16 ஒன்றே போதும். மிகப் பழைய முழுப் பிரதிகளான சினாய், வத்திக்கான் கைப்பிரதிகளில் மாற்கு சுவிசேஷம் 16:8 உடன் முடிந்துவிடுகிறது. 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் அவற்றில் இல்லை. விசுவாசிகள் சர்ப்பங்களை எடுப்பார்கள், சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதப்படமாட்டார்கள் என்பது அந்தப் பன்னிரண்டு வசனங்களுக்குள் வருகிறது. அமெரிக்காவின் மலைப்பகுதிச் சபைகளில் அதை எழுத்துப்படி எடுத்து ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் பிடித்தார்கள். அந்த வழக்கத்தைப் பரப்பிய ஜோர்ஜ் ஹென்ஸ்லி என்ற போதகர் 1955 இல் பாம்பு கடித்தே இறந்தார்.

கொழும்பில் யாரும் பாம்பைப் பிடிப்பதில்லை. ஆனால் அதே 18 ஆம் வசனத்தின் அடுத்த பாதி, வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது சொஸ்தமாவார்கள் என்பது, சுகமளிக்கும் கூட்டங்களில் வாக்குத்தத்தமாக முழங்கப்படும் வசனம். அதைக் கேட்டுவிட்டு டொக்டர் எழுதித்தந்த மருந்தை நிறுத்தத் துணியும் ஒரு சர்க்கரை நோயாளிக்கு, அந்த வரி மாற்கு எழுதியதுதானா என்ற கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. இறையியல் படித்த போதகர்களுக்கும் குருமாருக்கும் இந்தக் கைப்பிரதி விவரம் புதிதல்ல, பாடப்புத்தகங்களில் வாசித்திருப்பார்கள். பிரசங்க மேடையில் மட்டும் அது வருவதில்லை. ஜனங்கள் குழம்பிப்போவார்கள் என்பது வழக்கமான காரணம். அடுத்தமுறை மாற்கு 16 வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமையில், எட்டாம் வசனத்தோடு நிறுத்தி, இதற்குப் பிறகு வருபவை மிகப் பழைய பிரதிகளில் இல்லை, மருந்தை யாரும் நிறுத்த வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.